கை நம்முடையது, இயக்கம் எவருடையது?

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைப் பற்றித் தாம்பரத்துத் தோழர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஓடாத மின்விசிறி, ஓடிக் களைத்த தையல் இயந்திரம், கால் ஒடிந்த நாற்காலி, கண்ணாடி போன பீரோ — எவர் வீட்டிலிருந்தோ புறப்பட்டு எவர் வீட்டுக்கோ போகவேண்டிய பொருள்களெல்லாம் அங்கே தார்ப்பாயின்மீது காத்துக் கிடக்கும். சில வாரங்களுக்கு முன் சைக்கிள் பம்பு ஒன்று தேடி அங்கே போயிருந்தோம். பம்பு கிடைக்கவில்லை. பழைய கைப்பேசிக் குவியல் ஒன்று கண்ணில் பட்டது.

ஒன்றை எடுத்துப் புரட்டினோம். பொத்தான் வைத்த நோக்கியா. எண்கள் தேய்ந்து போயிருந்தன. பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, அடியில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டைப் பார்த்தோம். இந்தியாவில் செய்யப்பட்டது என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து. கடைக்காரர் 100 ரூபாய் என்றார், 60-க்குக் கொடுத்தார். "எதுக்குண்ணா இது, பேசறதுக்கா, பாக்கறதுக்கா?" என்று வேறு கேட்டார். பார்ப்பதற்குத்தான் என்றோம்.

அந்தக் காலத்தில் இந்தியா முழுமைக்கும் நோக்கியாவுக்கு ஒரே ஒரு கைப்பேசித் தொழிற்சாலைதான் இருந்தது. டில்லியில் அல்ல, பம்பாயில் அல்ல. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மணிமங்கலம் என்று பேருந்தில் போனால் வருகிறதே ஸ்ரீபெரும்புதூர், அங்கே இருந்தது. ஆக, 60 ரூபாய்க்கு நாம் வாங்கிய பொருள் நம் வட்டாரத்துப் பிள்ளைகளின் கைவேலை.

அதைப் பையில் போடும்போது தலைக்கு மேலே விமானம் ஒன்று இரைந்துகொண்டு ஏறிற்று. மீனம்பாக்கம் பக்கத்தில்தானே! பல்லாவரத்தில் அந்த இரைச்சலை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. நாம் பார்த்தோம். காரணம் இருந்தது. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் அந்த ஓடுபாதையிலிருந்து ஐபோன்களைச் சுமந்துகொண்டு சரக்கு விமானங்கள் அமெரிக்காவுக்குப் பறந்தன. ஒவ்வொன்றிலும் 100 டன் கொள்ளும். மொத்தம் 600 டன். ஏறத்தாழ 15 லட்சம் கைப்பேசிகள் என்று செய்தி நிறுவனங்கள் எழுதின. டிரம்ப் வரி விதிக்கப் போகிறார், அதற்குள் சரக்கு கரை சேரவேண்டும் என்ற அவசரம். சுங்கச் சோதனைக்கு 30 மணி நேரம் ஆகும் வழக்கத்தை 6 மணி நேரமாகக் குறைத்தார்கள். நம் ஊர் ஏழை ஒருவன் ஒரு பட்டா மாற்றத்துக்கு எத்தனை மாதம் நடக்கிறான் என்பதை இந்த இடத்தில் கேட்கக் கூடாது. கேட்டால் நம்மை வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள்.

தார்ப்பாயில் கிடந்த கைப்பேசியும் நம் வட்டாரத்தில் செய்தது. விமானத்தில் பறந்த கைப்பேசியும் நம் வட்டாரத்தில் செய்தது. ஒன்று குப்பைக்கு வந்தது, மற்றொன்று வானத்துக்குப் போனது. இரண்டுக்கும் இடையில் ஒரு போர் நடந்தது. போர்க்களம் கலிபோர்னியாவிலும் பின்லாந்திலும். பிணம் விழுந்த இடம் ஸ்ரீபெரும்புதூர். அந்தக் கதையைத்தான் தோழர்களிடம் சொல்ல விரும்புகிறோம்.

கைப்பேசிக்கு உடல் வேறு, உயிர் வேறு. கண்ணாடி, தகடு, பேட்டரி, கேமரா — இவை உடல். இவற்றையெல்லாம் ஏவி வேலை வாங்கும் ஆணைத்தொகுதி உயிர். அதற்கு இயங்குதளம் என்று தமிழில் நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். நம் தோழர்களுக்கு இதை விளக்குவது எளிது. கொடி இருக்கலாம், மேடை இருக்கலாம், ஒலிபெருக்கி இருக்கலாம். இயக்கம் இல்லையேல் அவை வெறும் துணி, வெறும் மரம், வெறும் தகரம். கைப்பேசியும் அப்படித்தான். உடலைப் பூட்டுகிறவன் ஒருவன். உயிரை ஊதுகிறவன் வேறொருவன். இலாபம் எவனுக்குப் போகும் என்று கேட்கவும் வேண்டுமா?

நோக்கியா பின்லாந்து நாட்டு நிறுவனம். 1865-இல் காகித ஆலையாகத் தொடங்கி, ரப்பர் காலணி செய்து, கம்பி வடம் செய்து, கடைசியில் கைப்பேசிக்கு வந்து உலகை ஆண்டது. 2005 ஏப்ரலில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 210 ஏக்கரில் சிறப்புப் பொருளாதார மண்டலம். 2006-இல் உற்பத்தி தொடங்கியது. உச்ச நாள்களில் ஏறத்தாழ 8,000 பேருக்கு நேரடி வேலை; பெரும்பாலோர் பெண்கள். உதிரிப் பாகம் செய்யும் ஆலைகள் சுற்றிலும் முளைத்தன. தாம்பரம், படப்பை, பூந்தமல்லி எங்கும் ஓர் அறைக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று வாடகைக்குத் தங்கினார்கள். விடியற்காலை நான்கரை மணிக்குத் தெருமுனையில் நிறுவனப் பேருந்துக்காக, கழுத்தில் அட்டை தொங்க, ஈரத் தலையோடு நின்ற அந்தப் பெண்களை முடிச்சூர் சாலையில் குடியிருந்த எவரும் மறந்திருக்க முடியாது. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் இருந்த எத்தனையோ ஓலைக் கூரைகள் ஓட்டுக் கூரையானதற்கு அந்த ஈரத் தலைகள்தான் காரணம்.

சுகமான வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். 2009-இலும் 2010-இலும் அங்கே வேலைநிறுத்தங்கள் நடந்தன. 2010 அக்டோபர் இறுதியில் இளம்பெண் ஒருத்தி இயந்திரத்தில் சிக்கி உயிரையே கொடுத்தாள். அதே ஆண்டு ஜூலையில் பக்கத்தில் இருந்த பாக்ஸ்கான் ஆலையில் நச்சுப் புகை என்று ஏறத்தாழ 250 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆயினும் வேலை இருந்தது. மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது.

இங்கே பெண்கள் கைப்பேசி பூட்டிக்கொண்டிருந்தபோது, அங்கே என்ன நடந்தது?

நோக்கியாவின் விலை உயர்ந்த கைப்பேசிகளுக்குச் சிம்பியன் என்ற இயங்குதளம். 1998-இல் நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா, சையன் ஆகிய நான்கு நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து அமைத்தது. 2007-இல் உலகில் விற்ற திறன்பேசிகளில் பாதிக்கு மேல் அதில்தான் இயங்கின. அதே 2007 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோனை மேடையில் காட்டியது. பொத்தான் இல்லை, கண்ணாடியைத் தடவினால் போதும். அதே ஆண்டு நவம்பரில் கூகுள், கைப்பேசி உற்பத்தியாளர்கள் பலரைச் சேர்த்துக்கொண்டு ஆண்ட்ராய்டை அறிவித்தது. 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி கடைக்கு வந்தது.

ஆப்பிளின் உத்தி: உடலும் என்னுடையது, உயிரும் என்னுடையது, எவருக்கும் தரமாட்டேன். கூகுளின் உத்தி: உயிரை இலவசமாகத் தருகிறேன், எவர் வேண்டுமானாலும் உடல் செய்துகொள்ளுங்கள். நோக்கியாவுக்கு இரண்டும் முடியவில்லை. சிம்பியன் பொத்தான் காலத்தில் பிறந்த கிழவர். கண்ணாடியைத் தடவச் சொன்னால் தடுமாறினார். 2010 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் நிறுவனத்திலிருந்து ஸ்டீபன் எலாப் என்பவரை அழைத்துவந்து தலைமைப் பதவியில் அமர்த்தினார்கள். 2011 பிப்ரவரியில் அவர் தம் ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில், தீப்பற்றிய எண்ணெய்க் கிணற்று மேடையில் நிற்பவனின் நிலைக்குத் தம் நிறுவனத்தை ஒப்பிட்டார். அந்த மாதமே சிம்பியனைக் கைவிட்டு, தாம் விட்டுவந்த மைக்ரோசாப்டின் விண்டோஸ் போனை வரித்துக்கொண்டார்.

வேடிக்கையைப் பாருங்கள். கடையில் சரக்கு இருக்கும்போதே, இந்தச் சரக்கு இனி உருப்படாது என்று கடைக்காரரே வாசலில் நின்று கூவினால் எவர் வாங்குவார்? சிம்பியன் விற்பனை சரிந்தது. விண்டோஸ் போன் ஏறவில்லை. ஏன் ஏறவில்லை? கைப்பேசி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செயலிகள் இல்லை. செயலி எழுதுகிறவன் கூட்டம் இருக்கும் இடத்துக்குப் போவான்; கூட்டம் செயலி இருக்கும் இடத்துக்குப் போகும். இரண்டும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் கூடிவிட்டன. மூன்றாவது கடைக்கு வழியே இல்லை. 2014 பிப்ரவரியில் நோக்கியாவே ஆண்ட்ராய்டு அடிப்படையில் ஒரு கைப்பேசியை வெளியிட்டது. வெள்ளம் வந்து போனபின் கட்டிய அணை!

ஸ்ரீபெரும்புதூரில் செய்தவை பெரும்பாலும் மலிவு விலைப் பொத்தான் கைப்பேசிகள். போர் முதலில் மேல்தட்டில்தான் நடந்தது. ஆனால் இலவச உயிர் கிடைத்ததும் மலிவு உடல்கள் பெருகின. ஐயாயிரம் ரூபாய்க்கும் ஆண்ட்ராய்டு வந்தது. மைக்ரோமாக்ஸ், கார்பன், லாவா என்று புதுப் பெயர்கள் கடைகளில் ஏறின. சில ஆண்டுகளில் சீன நிறுவனங்கள் வந்து அவர்களையும் ஓரம் கட்டின. மேல்மாடியில் பற்றிய தீ கீழ்வீட்டுக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

இனிமேல்தான் கதையின் கசப்பான பகுதி. 2013-இல் வருமான வரித்துறை நோக்கியாவிடம் 2,080 கோடி ரூபாய் வரி கேட்டது. எதற்கு? நிலத்துக்கா, இயந்திரத்துக்கா, ஏற்றுமதிக்கா? இல்லை. கைப்பேசிக்குள் போடும் மென்பொருளுக்காக ஸ்ரீபெரும்புதூர் ஆலை பின்லாந்துத் தலைமையகத்துக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தது. அது உரிமைத்தொகை, அதற்கு வரி பிடித்தம் செய்திருக்கவேண்டும் என்பது வரித்துறையின் வழக்கு. இல்லை, அது பொருள் வாங்கிய விலை என்பது நிறுவனத்தின் வாதம். எவர் சொன்னது சரி என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையல்ல. நாம் கவனிக்கவேண்டியது வேறு. கை இங்கே, உயிர் அங்கே. உயிருக்கான காசு ஆண்டுதோறும் இங்கிருந்து அங்கே போயிற்று என்பதை வழக்குக் கட்டே சொல்லிவிட்டது! 8,000 பேர் உழைத்த ஆலையின் தலைவிதி, அவர்கள் கண்ணால் காணாத, கையால் தொடாத ஒன்றின்மீது எழுந்த வழக்கில் தொங்கிற்று.

2013 செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்பதாக அறிவித்தது. விலை 544 கோடி யூரோ. ஸ்ரீபெரும்புதூர் ஆலையும் அதில் சேர்த்தி. ஆனால் வரி வழக்கில் ஆலை முடக்கப்பட்டது. தமிழக அரசின் வணிகவரித்துறையும் தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. 2014 மார்ச்சில், 3,500 கோடிக்கு உறுதி கொடுத்தால்தான் ஆலையைக் கைமாற்றலாம் என்பதை உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஏப்ரல் 25-இல் மற்ற நாட்டு ஆலைகள் மைக்ரோசாப்டிடம் போயின. நம் ஆலை நடுத்தெருவில் நின்றது. விருப்ப ஓய்வு என்று ஒரு திட்டம் வந்தது. ஐயாயிரம் பேர் அளவில் கையெழுத்துப் போட்டார்கள். இருபத்தைந்து வயதில் ஓய்வு! அதற்கு விருப்பம் என்று பெயர்! கொஞ்ச நாள் மைக்ரோசாப்ட் கேட்ட கைப்பேசிகளைச் செய்து கொடுத்தது ஆலை. அந்த ஒப்பந்தமும் நின்றது. 2014 நவம்பர் 1-இல் உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அதே ஆண்டு டிசம்பர் 24-இல் நின்றது.

வரி வழக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? இந்தியாவும் பின்லாந்தும் 2018-இல் பேசித் தீர்த்துக்கொண்டன. நோக்கியாவை வாங்கிய மைக்ரோசாப்ட் 2015-இல் 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதிவிட்டு, போனால் போகட்டும் என்று தோளைத் துடைத்துக்கொண்டது. அவரவர் கணக்கு அவரவருக்கு முடிந்தது. முடிச்சூர் சாலையில் அறை எடுத்திருந்த பெண்களின் கணக்கு எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

இன்னொரு செய்தி. நோக்கியாவை வீழ்த்திய ஆண்ட்ராய்டுக்கு 2013 மார்ச்சில் பொறுப்பேற்றவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. 2015-இல் கூகுளுக்கே தலைவரானார். நமக்குப் பெருமையில்லையா? உண்டு. தமிழ்நாட்டுப் பிள்ளை உலகை ஆளும் நிறுவனத்துக்குத் தலைவனானால் மகிழத்தான் செய்வோம். ஆனால் மூளையில் சிறந்தவன் கலிபோர்னியாவுக்குப் போய்த்தான் தலைவனாகவேண்டும், கையில் சிறந்தவள் ஸ்ரீபெரும்புதூரில் அட்டை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அதை நினைத்தால் மகிழ்ச்சி தொண்டைக்குள் இறங்க மறுக்கிறது.

இலவசம் என்றார்களே, அந்த ஆண்ட்ராய்டு எப்படிப் பிழைக்கிறது? நம் தோழர்கள் ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகும்போது சுங்கச்சாவடியைப் பார்த்திருப்பார்கள். அங்கே இருப்பவர் வண்டி செய்வதில்லை, வண்டி ஓட்டுவதில்லை, சரக்கு ஏற்றுவதில்லை. குறுக்கே ஒரு கட்டை வைத்திருக்கிறார். கட்டை தூக்கக் காசு. இயங்குதளம் அப்படிப்பட்ட சாவடி. செயலி விற்கும் கடை கூகுளுடையது, அல்லது ஆப்பிளுடையது. அதற்குள் நடக்கும் விற்பனையில் 30 விழுக்காடு வரை கட்டைக்காரருக்கு. ஆண்ட்ராய்டின் அடிப்படை எவருக்கும் இலவசம்தான். ஆனால் அந்தக் கடையைக் கைப்பேசியில் வைக்கவேண்டுமானால் கூகுளின் தேடலையும், உலாவியையும், மற்றவற்றையும் சேர்த்து வைக்கவேண்டும் என்று 2023 வரை இங்கே நிபந்தனை இருந்தது. பெண்ணைக் கொடுக்கிறேன், கூடவே என் ஒன்பது அண்ணன் தம்பிகளும் உன் வீட்டில்தான் இருப்பார்கள் என்பது போல! இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இதற்காக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் தண்டத்தை உறுதி செய்தது. சில கட்டளைகளை மட்டும் நீக்கியது. இந்த நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு கைப்பேசிகளுக்கு மேல் ஆண்ட்ராய்டு. அத்தனை பேரும் நிற்கும் சாவடிக்கு அந்தத் தண்டம் எத்தனை நாள் வசூலோ, நாம் அறியோம்.

போர் முடிந்தது. இரண்டு வேந்தர் மிஞ்சினர். இன்று நம் வட்டாரத்தில் ஆப்பிளின் ஆட்சி. மூடிக்கிடந்த நோக்கியா ஆலையைச் சால்காம்ப் என்ற நிறுவனம் வாங்கியது; 2020-இல் அங்கே வேலை தொடங்கியது. என்ன வேலை தெரியுமா? சார்ஜர் செய்யும் வேலை. ஆப்பிளுக்கும் வழங்குகிற நிறுவனம் அது. தோற்ற மன்னனின் அரண்மனையில் வென்ற மன்னனுக்கு விளக்கேற்றுகிறார்கள். பாக்ஸ்கான் மீண்டும் வந்து 2019-இல் ஐபோன் பூட்டத் தொடங்கியது. மகிந்திரா சிட்டியில் 2022-இல் பெகட்ரான் ஆலை திறந்தது. 2025 ஜனவரியில் அதன் பெரும்பங்கை டாட்டா வாங்கியது. தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2024–25-இல் 1,465 கோடி டாலர், இந்தியாவிலேயே முதலிடம். இந்தக் கணக்கை நாம் குறைத்துப் பேசமாட்டோம். வேலை வந்திருக்கிறது, பல்லாயிரம் பெண்களுக்கு வந்திருக்கிறது. சாலையும், மின்சாரமும், படித்த பெண்களும் இல்லாத இடத்துக்கு ஆப்பிள் வராது. பெண்ணைப் படிக்க வை என்று ஒரு நூற்றாண்டு காலம் கத்தியவர்களின் தொண்டை வறட்சிக்குக் கிடைத்த பலன் இது.

ஆனால் அந்தப் பெண்களின் பங்கு எவ்வளவு? 2010-ஆம் ஆண்டின் ஐபோன் பற்றி அமெரிக்க ஆய்வாளர்களே ஒரு கணக்குப் போட்டார்கள். விற்பனை விலையில் 58.5 விழுக்காடு ஆப்பிளின் இலாபம். சீனாவில் பூட்டிய தொழிலாளருக்கு 1.8 விழுக்காடு. நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை! அன்று அது சீனத் தொழிலாளியின் கதை. இன்று அதே இருக்கையில் நம் பெண் உட்கார்ந்திருக்கிறாள். 2025-இல் பாக்ஸ்கானின் இந்திய ஆலைகளிலிருந்து 300-க்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள் என்று செய்தி வந்தபோது, உற்பத்தி என்ன ஆகுமோ என்று இங்கே பலர் கவலைப்பட்டார்கள். இயந்திரத்தை நிறுத்தி வைக்கும் வித்தைகூட இன்னும் முழுதாக நம் கைக்கு வரவில்லை என்பதுதானே அந்தக் கவலையின் பொருள்?

2021 டிசம்பரில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பாக்ஸ்கான் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன உணவு. 159 பேர் மருத்துவமனையில். இரவோடு இரவாகப் பெண்கள் பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் இல்லை, கொடி இல்லை, துண்டறிக்கை இல்லை. ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. ஆப்பிளே விடுதியும் உணவுக்கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு கட்டித் திறந்ததே, அதன் அடிக்கல் அந்த நெடுஞ்சாலையில் நடப்பட்டது என்போம் நாம். கல்யாணமான பெண்களை ஐபோன் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர் எழுதிற்று, நிறுவனம் மறுத்தது, டில்லி அறிக்கை கேட்டது. தாலி ஏறினால் தகுதி இறங்குமா என்று சுயமரியாதைக்காரர்கள் கேட்ட கேள்வியை இன்னும் கேட்கவேண்டியிருக்கிறது.

அதே ஆண்டு செப்டம்பரில் சாம்சங் தொழிலாளர் வெளியே வந்தார்கள். கைப்பேசி உலகில் பெரிய பெயர் சாம்சங்; ஸ்ரீபெரும்புதூரில் செய்வது குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும். 37 நாள் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். முதன்மையான கோரிக்கை, சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. அந்தப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது.

நம் வீட்டுக் குறையையும் மறைக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 21-இல் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது. தோழமைக் கட்சிகள் வெளிநடப்புச் செய்தன, சங்கங்கள் கொதித்தன, மே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது பெருமை. கொண்டுவந்தது? பன்னாட்டு நிறுவனங்கள் அப்படிப்பட்ட நெகிழ்வைக் கேட்டன என்று அப்போது பேசிக்கொண்டார்கள். கேட்பார்கள். கேட்பது அவர்கள் தொழில். எட்டு மணி நேரத்தைக் காப்பது நம் தொழில்.

மொழிக்கு வருவோம், இயங்குதளத்தில் அதுவும் அடக்கம். 2016-இல் டில்லி ஓர் ஆணை போட்டது. இந்தியாவில் விற்கும் கைப்பேசியில் 22 மொழிகளையும் படிக்க முடியவேண்டும், நல்லது. எழுதுவதற்கு? ஆங்கிலம் கட்டாயம், இந்தி கட்டாயம், மூன்றாவதாக ஏதேனும் ஓர் இந்திய மொழி. பார்த்தீர்களா! 1968-இல் அண்ணா பள்ளிக்கூட வாசலிலிருந்து விரட்டிய மும்மொழித் திட்டம், அரை நூற்றாண்டு கழித்து நம் சட்டைப்பைக்குள் நுழைந்துவிட்டது. தமிழ் அந்த மூன்றாவது இடத்தில் ஏதேனும் ஒன்றாக வரிசையில் நிற்கிறது.

ஆனால் தமிழ் கைப்பேசிக்குள் வந்தது டில்லியின் தயவால் அல்ல. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அந்த ஆண்டே தமிழ்99 என்ற விசைப்பலகையை அரசு தரமாக்கியது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் செல்லினத்தை வெளியிட்டார். கைப்பேசியில் தமிழில் எழுதலாம் என்று காட்டினார். 2013-இல் ஆப்பிள் தன் ஐபோனுக்குள்ளேயே தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தது. எவருக்கும் எதையும் தராத ஆப்பிள், சென்னையில் வகுத்த ஒரு முறையை உள்ளே எடுத்துக்கொண்டது. ஏன்? ஆயத்தமாக இருந்தது, செம்மையாக இருந்தது, கேட்பதற்கு ஆள் இருந்தது. இந்த ஒரு விசைப்பலகை அளவுக்காவது நாம் உயிரின் பக்கத்தில் கை வைத்திருக்கிறோம்.

சொந்தமாக இயங்குதளம் செய்ய முடியாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். 2023 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த நிறுவனம் ஒன்று பாரோஸ் என்ற இயங்குதளத்தைக் காட்டியது. ஒன்றிய அமைச்சர்கள் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தாம்பரம் கடைத்தெருவில் நாம் தேடிப் பார்த்தோம். அந்தப் பெயர் போட்ட கைப்பேசி ஒன்றுகூட நம் கண்ணில் படவில்லை. செயலிக் கூட்டம் இல்லாமல் மைக்ரோசாப்டே மண்ணைக் கவ்விய தொழில் இது, புகைப்படத்தால் நடக்காது. சீனாவைப் பாருங்கள். 2019 மே மாதம் அமெரிக்கா வாவே நிறுவனத்தைத் தடை செய்தது; கூகுள் தன் கடையைப் பூட்டிக்கொண்டது. அவர்கள் ஆகஸ்டிலேயே ஹார்மனி என்ற சொந்த இயங்குதளத்தை அறிவித்தார்கள். 2024-இல் ஆண்ட்ராய்டின் துணையே இல்லாத பதிப்பை வெளியிட்டார்கள். அதன் பின்னே பெரும் பணம், பெரும் சந்தை, அரசின் முழுக் கை. அந்தக் கை நமக்கு இல்லை. மாநிலத்துக்கு வரும் கையும் டில்லியில் கட்டிப் போடப்பட்ட கை.

ஆயினும் மாநிலத்தால் ஒன்று முடியும். நிலம் நம்முடையது, நீர் நம்முடையது, மின்சாரம் நம்முடையது. 210 ஏக்கர் கொடுத்தபோது, ஆலை மூடினால் இந்தப் பெண்களுக்கு என்ன என்று ஒரு வரி எழுதிக்கொண்டோமா? அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரி வேண்டும். பூட்டும் வேலையோடு வடிவமைக்கும் வேலையில் இத்தனை இருக்கை இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு என்றும் ஒரு வரி வேண்டும். சங்கம் வைக்க 37 நாள் கொட்டகையில் உட்காரத் தேவையில்லாத நிலையும் வேண்டும். நிறுவனம் ஓடிவிடும் என்று பயம் காட்டுவார்கள். எழுதாமல் விட்டோமே, நோக்கியா ஓடாமல் இருந்ததா?

சந்தையில் வாங்கிய கைப்பேசியை, நம் தெருவில் ரவிக்கை தைக்கும் தங்கை ஒருத்தியிடம் காட்டினோம். பத்தொன்பது வயதில் விழுப்புரத்துப் பக்கமிருந்து வந்து அந்த ஆலையில் ஆறாண்டு வேலை பார்த்தவர். 2014-இல் விருப்ப ஓய்வுத் தாளில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைப்பேசியை வாங்கி, பார்க்காமலே பின்மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்தார். பேட்டரியை எடுத்தார், துடைத்தார், திரும்பப் போட்டு மூடினார். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்தது.

"கை மறக்கலைண்ணா" என்றார்.

அவர் மகன், ஏழாம் வகுப்புப் படிக்கிறவன், தன் ஆண்ட்ராய்டிலிருந்து தலையை நிமிர்த்தி, "இதுல சிம் போட்டா வேலை செய்யுமா மாமா?" என்று நம்மைக் கேட்டான். ஜியோ என்றால் செய்யாது, அது நான்காம் தலைமுறைக்கு முந்திய கைப்பேசிகளை ஏற்காது, ஏர்டெல் என்றால் செய்யும் என்றோம். தங்கை எழுந்துபோய்ப் பழைய பெட்டியில் மெல்லிய முனை வைத்த நோக்கியா சார்ஜர் இருக்கிறதா என்று தேடத் தொடங்கினார்.